திருவண்ணாமலையின் இரண்டு கோபுரங்கள்: மனநோயும் காமமும் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், ஒருபுறம் ஆயிரங்கால் மண்டபமும் மறுபுறம் சிவகங்கைத் தீர்த்தமும் இருக்க, எதிரே வல்லாள மகாராஜா கோபுரம் நிற்கிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் பெயரைத் தாங்கிய 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் அது. அதன் அடியில் சற்று நேரம் நின்றால் போதும். குடும்பத்தோடு வந்த யாரேனும் ஒருவர் மேலே கைகாட்டித் தம் பிள்ளைகளிடம், "இங்கேயிருந்துதான் அருணகிரிநாதர் குதிச்சார்" என்று சொல்வதைக் கேட்கலாம். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும். "ஏன் குதிச்சார்?" என்று அவற்றுள் ஒன்று கேட்கும். பெரியவர்கள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு முழுமையாக விடை சொல்வதில்லை. முருகன் தாங்கிக்கொண்டான் என்ற இடத்துக்கு விரைந்து போய்விடுவார்கள்.

இக்கட்டுரை அந்தக் குழந்தையின் கேள்வியை ஒட்டியது. மனம் நோயுற்றவர்களின் பால்வாழ்வையும், அதில் அவர்களுக்கு நேரும் இடர்களையும் நம் சமூகம் எவ்வாறு பார்த்து வந்திருக்கிறது என்பதை, அந்தக் கோபுரத்தின் அடியில் தொடங்கி எனக்குத் தெரிந்தவரை தொகுத்துச் சொல்ல முயல்கிறேன்.

கதையும் காலமும்

வழிவழியாக வரும் கதை இதுதான். இளமையில் அருணகிரி பரத்தையர் உறவில் மூழ்கினார். செல்வம் கரைந்தது. உடலைப் பெருநோய் பற்றியது. ஆனாலும் இச்சை அடங்கவில்லை. கையில் பணமில்லாத நாளொன்றில் தமக்கையிடம் வந்து நச்சரித்தார். தமக்கை மனம் நொந்து, காமம் ஒன்றே வேண்டுமென்றால் நானும் ஒரு பெண்தானே என்ற பொருள்படச் சொன்னாள். அந்தச் சொல் தைத்தது. கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் தாங்கினான், நோய் நீங்கியது, பாட்டு பிறந்தது. 1964இல் டி.எம். சௌந்தரராஜன் நடித்து வெளிவந்த 'அருணகிரிநாதர்' திரைப்படம் இக்கதையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது.

இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறு கேள்வி. திருப்புகழில் பிரபுட தேவராயனின் பெயர் வருவதால் அருணகிரியார் 15ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்வர். பரத்தையர் மயக்கத்தில் தாம் அழிந்ததாகப் பாடும் அவருடைய வரிகள் தன்வரலாறா, அல்லது எல்லா உயிர்களின் இழிவையும் தம்மேல் ஏற்றிப் பாடும் பக்தி மரபா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

எனக்கு வியப்பளிப்பது அந்த நோய். மக்கள் வழக்கில் அதைத் தொழுநோய் என்பாரும் உண்டு, மேகநோய் என்பாரும் உண்டு. தொழுநோய் உடலுறவால் வரும் நோயன்று. அதன் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். காமத்தால் பரவுவதற்குப் பெயர்போன சிபிலிஸ் நோயோ, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்ச்சுக்கீசியரோடு இந்தியாவுக்கு வந்தது என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பாவப்பிரகாசம்' என்னும் வடமொழி மருத்துவ நூல் அதை 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கிறது. தமிழில் அது பறங்கிப்புண். அதற்குத் தரப்பட்ட மருந்து பறங்கிப்பட்டை. நோயின் பெயரிலும் மருந்தின் பெயரிலும் கப்பலேறி வந்த அந்நியன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். தேவராயன் காலத்து அருணகிரியாருக்கு அந்த நோய் வந்திருக்க வழியில்லை. பறங்கிப்புண்ணைக் கண்ணால் கண்டு அஞ்சிய பிற்காலத் தலைமுறைகள், காமத்துக்கு உரிய தண்டனை உடலில் தெரிந்தாக வேண்டும் என்ற தங்கள் அச்சத்தை அவர் கதையில் ஏற்றியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஊகத்தை விட்டுவிட்டாலும் கதையின் வரிசை மாறாதது. முதலில் காமம், பிறகு நோய், பிறகு அவமானம், கடைசியில் வீழ்ச்சி. ஒழுக்கம் தவறியவன் மனம் உடைகிறான். நம் எல்லோருடைய மனத்திலும் பதிந்திருக்கும் வரிசை இதுதான். மனம் முதலில் நோயுற்று, அதனால் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் திறனை இழந்திருக்கலாம் என்ற எதிர்வரிசை நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கவிஞருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவது வீண்வேலை. நான் அதைச் செய்யவில்லை. ஆனால் எந்த வரிசையில் கதை சொல்கிறோம் என்பது உயிரோடிருக்கும் மனிதர்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. மருத்துவ உலகமே இந்த வரிசைச் சிக்கலில் சிக்கி ஒரு நூற்றாண்டு தடுமாறியது.

கிருமி சொன்ன பாடம்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோய்க் காப்பகங்களில் ஒருவகை நோயாளிகள் நிறைந்திருந்தனர். பெரும்பாலும் நடுவயது ஆண்கள். நேற்றுவரை கணக்கு வழக்கில் கறாராக இருந்த வணிகர் திடீரென்று பணத்தை வாரி இறைப்பார். தம்மை மன்னர் என்பார். கூச்சமின்றி விலைமகளிரைத் தேடிப் போவார். பிறகு நாக்குக் குழறும், கால்கள் தள்ளாடும், சில ஆண்டுகளில் இறந்துவிடுவார். 1822இல் பாரிஸ் நகரத்து இளம் மருத்துவர் அந்துவான் பேல் இது மூளையுறையின் அழற்சி என்று எழுதினார். ஆனாலும் பலகாலம் வரை குடி, மிதமிஞ்சிய காமம், ஒழுக்கக்கேடு ஆகியவையே காரணங்கள் என்று மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருந்தனர்.

1905இல் ஷாடினும் ஹாஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டனர். 1906இல் வாசர்மன் இரத்தப் பரிசோதனை வந்தது. 1910இல் பால் எர்லிக்கின் சால்வர்சான் மருந்து வந்தது. 1913இல் ஹிதேயோ நொகுச்சியும் மூரும் இறந்துபோன நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே அந்தக் கிருமியைக் காட்டினர். காப்பகங்களை நிரப்பிய அந்தப் பித்து, பல ஆண்டுகளுக்கு முன் தொற்றி மறந்துபோன சிபிலிஸின் கடைசிக் கட்டம் என்பது ஐயமின்றி உறுதியாயிற்று. 1917இல் வியன்னாவின் வாக்னர் யாவ்ரெக் இந்நோயாளிகளுக்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே ஏற்படுத்திச் சிகிச்சை செய்தார். சிலர் தேறினர், சிலர் காய்ச்சலிலேயே இறந்தனர். அதற்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1943இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று தெரிந்தபின் மலேரியாச் சிகிச்சை மெல்ல வழக்கொழிந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த வணிகர் நோயின் கடைசிக் கட்டத்தில் விலைமகளிரைத் தேடிப் போனது அவருடைய குணக்கேடு அன்று, நோயின் அறிகுறி. மூளையில் நன்மை தீமை எடைபோடும் பகுதி சிதைந்துகொண்டிருந்தது. உடலின் தொற்று மனத்தைக் கலைத்தது, கலைந்த மனம் உடலை மேலும் இடரில் தள்ளியது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் வட்டம் இது. வட்டத்தை எங்கே பிடித்தாலும் அறுக்கலாம் என்பதைப் பெனிசிலின் காட்டியது.

இன்று சிபிலிஸ் பித்து அரிதாகிவிட்டது. ஆனால் அதே வட்டத்தை வேறு நோய்களில் மனநல மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். இருதுருவ மனநோயின் எழுச்சிக் கட்டத்தில் தூக்கம் குறையும், பேச்சு பெருகும், பணம் கரையும், காம இச்சை கூடும், பின்விளைவு பற்றிய அச்சம் மறையும். எழுச்சி தணிந்தபின் நோயாளிக்கு மிஞ்சுவது தாங்க முடியாத வெட்கம். அந்த வெட்கத்திலிருந்து தாழ்ச்சிக் கட்டத்தின் தற்கொலை எண்ணம்வரை தூரம் அதிகமில்லை. கோபுரத்தின் உச்சியை நான் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தமிழ் இலக்கியத்திலும் இதற்கொரு சாட்சியம் இருக்கிறது. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலில் மகாலிங்கத்தின் காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் குரல்கள் ஆபாசம் பேசுகின்றன. முருகனைப் பற்றிக்கொண்டு அவன் அவற்றோடு போராடுகிறான். தம் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய அந்த நாவலுக்காக 1993இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. காமமும் மனப்பிறழ்வும் ஒரே உடலில் சந்திக்கும்போது அந்த மனிதர் எவ்வளவு தனியாகிவிடுகிறார் என்பதை மருத்துவ நூல்களைவிட அந்த நாவல் எனக்கு நன்றாக உணர்த்தியது.

பூட்டிவைத்த இரண்டு கட்டடங்கள்

ஐரோப்பாவின் கதை இப்படியிருக்க, நம் மாகாணத்தில் நடந்ததைப் பார்க்கலாம். சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற கும்பினி மருத்துவர் பித்தர்களுக்கான விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுப் பித்தர் காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அது அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் வழிவந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு வகைக் கட்டடமும் மாகாணத்தின் பாசறை ஊர்களில் இருந்தது. லாக் ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். வெள்ளைச் சிப்பாய்களிடையே மேகநோய் பெருகுவதைத் தடுக்க, விலைமகளிர் என்று பதிவு செய்யப்பட்ட பெண்களைக் குறித்த இடைவெளியில் வரவழைத்துக் கட்டாயமாகச் சோதிப்பார்கள். நோய் இருந்தால் குணமாகும்வரை அடைத்துவைப்பார்கள். 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இதை நகரங்களுக்கும் விரித்தது. நோயைத் தந்த, பெற்ற சிப்பாய்க்கு இத்தகைய பதிவும் இல்லை, அடைப்பும் இல்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் முதலியோர் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக அங்கே 1886இலும் இந்தியாவில் 1888இலும் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

காப்பகமும் லாக் ஆஸ்பத்திரியும் வெவ்வேறு துறையினர் நடத்தியவை. ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவருக்கு ஆபத்து என்ற எண்ணமே அது. உள்ளே இருப்பவருக்கு யாரால் ஆபத்து என்று அக்காலச் சட்டங்கள் கேட்கவில்லை.

இந்த எண்ணம் அடுத்த நூற்றாண்டில் கத்தியைக் கையிலெடுத்தது. 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 'தகுதியற்றோர்' பிள்ளை பெறாதபடி அறுவை செய்யச் சட்டம் இயற்றியது. 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டமொன்றைச் சரியென்றது. 1933இல் ஹிட்லரின் ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர். அவர்களுள் மனச்சிதைவு நோயாளிகள் பெருந்தொகையினர்.

அது அயல்நாட்டுக் கொடுமை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 1994இல் மகாராஷ்டிரத்தின் சிரூர் ஊரிலிருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த, அறிவுவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனே சாசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பை நீக்க அறுவை செய்யப்பட்டது. மாதவிலக்குத் தூய்மை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கருவுற்றுவிடுவார்களோ என்ற அச்சமும் சேர்ந்தே பேசப்பட்டது. பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கருவுறுதல் நிற்கும், உண்மைதான். வன்முறை நிற்குமா? தடயம் மட்டுமே நிற்கும். அறிவுவளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் வேறு வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் இரு சாராரின் உடலையும் குறித்து அவர்களிடம் கேட்காமலேயே முடிவெடுக்கலாம் என்ற துணிச்சல் ஒன்றுதான்.

2009இல் உச்ச நீதிமன்றம் வேறொரு திசையைக் காட்டியது. சண்டிகரில் அரசு இல்லமொன்றில் வல்லுறவுக்கு உள்ளாகிக் கருவுற்ற, மிதமான அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய ஒரு பெண் தன் கருவைச் சுமக்க விரும்பினாள். கலைக்கலாம் என்ற உயர் நீதிமன்ற ஆணையை மாற்றி, அவளுடைய விருப்பமே முதன்மையானது என்றது அத்தீர்ப்பு. நம் சட்ட வரலாற்றில் இது சிறிய திருப்பம் அன்று.

யாருக்கு யாரால் ஆபத்து

எச்.ஐ.வி. வந்தபோது பழைய கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அந்த இரத்தத்தைத் தந்தவர்கள், பாலியல் தொழில் புரிந்ததாகப் பிடிக்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். நூறாண்டு கழிந்தும் பூட்டிய கட்டடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் சுனிதி சாலமன் அங்கேயே நின்றுவிடவில்லை. தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை, ஒதுக்கப்பட்ட நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை செய்வதில் கழித்தார்.

1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மனநல மருத்துவமனைகளில் செய்த ஆய்வுகள், உள்நோயாளிகளிடையே எச்.ஐ.வி. தொற்று பொதுமக்களிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு இருப்பதைக் காட்டின. காரணங்களும் தெளிவாயின. கடும் மனநோயுள்ளவர்களில் பலர் உடலுறவே இன்றித் தனித்து வாழ்பவர்கள். உறவு கொள்பவர்களோ அறிமுகமற்றவரோடு, ஆணுறையின்றி, சில நேரம் ஒரு வேளை உணவுக்காகவும் இரவு தங்க இடத்துக்காகவும் உறவு கொள்ள நேர்கிறது. இடரை விரும்பித் தேடுவது என்பதைவிட, மறுக்க வழியின்றி இடருக்கு உட்படுவது என்று சொல்வதே பொருத்தம்.

நம் நாட்டுச் சான்று பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. மருத்துவர் பிரபா சந்திராவும் அவருடைய குழுவினரும் அங்கே சேர்க்கப்பட்ட 146 பெண் நோயாளிகளிடம் உரையாடிய ஆய்வு 2003இல் வெளியாயிற்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளானவர்கள். வற்புறுத்தியவர்களில் அதிகம் பேர் கணவர் அல்லது துணைவர். அடுத்த நிலையில் அவர்கள் வாழும் இடத்தில் அதிகாரமுள்ள ஆட்கள். இவ்வாறு துன்புற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. துன்புறுத்தப்பட்ட பெண்களிடமே எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்புள்ள நடத்தையும் அதிகம் காணப்பட்டது.

அவர்கள் ஏன் சொல்லவில்லை? சொன்னால் 'பைத்தியம் உளறுகிறது' என்பார்கள். சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரும் கேட்கவில்லை. மனநோயாளியிடம் தூக்கம் எப்படி, பசி எப்படி, குரல் கேட்கிறதா என்று வினவும் நம் வெளிநோயாளிப் பிரிவுகளில், உங்கள் தாம்பத்தியம் எப்படி, யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்ற கேள்விக்கு நேரமும் இல்லை, மறைவிடமும் இல்லை. கேள்விக்குப் பின்னால் எப்போதும் தாயோ கணவனோ நின்றுகொண்டிருப்பார்.

கேட்காததன் விலை மருந்துச் சீட்டிலும் தெரியும். மனச்சிதைவுக்குத் தரப்படும் சில மருந்துகள் புரோலாக்டின் என்னும் சுரப்பைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், ஆண்களுக்கு விறைப்பு குன்றும். வெட்கத்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையையே நிறுத்திவிடுபவர் பலர். நிறுத்தினால் நோய் திரும்புகிறது. மாதவிலக்கு இல்லாததால் கருத்தரிக்காது என்று நம்பும் பெண், மருந்து மாற்றப்பட்டுச் சுரப்பு சீரானதும் எதிர்பாராமல் கருவுறலாம். இருதுருவ நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணிடம் கருத்தடை பற்றிப் பேசாமல் அதை எழுதித் தருவதே ஓர் இடர். இந்த இடரை எடுப்பவர் நோயாளி அல்லர்.

வடக்குக் கோபுரம்

இனி மறுபடி திருவண்ணாமலைக்கு வருவோம். பித்தர்களுக்கு இடங்கொடுத்த ஊர் என்று அதற்கொரு பெயர் உண்டு. 1889இல் அங்கு வந்த சேஷாத்ரி சுவாமிகள், கடைகளில் புகுந்து பண்டங்களை வாரி வீதியில் எறிவார். கடைக்காரர்கள் அதை நல்ல சகுனமாகக் கொண்டனர். 1896இல் வந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்துப் புண்ணான தொடைகளோடு தன்னினைவின்றி அமர்ந்திருந்தார். சிறுவர்கள் கல்லெறிந்தனர். சேஷாத்ரி சுவாமிகள் அவரைக் காத்தார், பிறர் தூக்கி வந்து உணவூட்டினர். இவர்களை மனநோயாளிகள் என்று நான் கூறவில்லை. தன்னுடலைக் காக்க மறந்த ஒருவரை இந்த ஊர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். ஐயத்தின் பலனை அவர்களுக்கு அளித்து, சோறும் அளித்தது.

அந்தச் சலுகை பெண்ணுக்குக் கிடைத்ததா? கோயிலின் வடக்கு ராஜகோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, மணவாழ்வை மறுத்து வெளியேறித் துறவியான ஒரு பெண், வீடுவீடாகக் கையேந்தி எழுப்பியது என்பது ஊர் வழக்கு. கல்யாணம் வேண்டாம் என்று ஓடிய பெண்ணை ஊரார் முதலில் என்னவென்று ஏசியிருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். ஒரு கோபுரமே கட்டிய பிறகுதான் அவள் அம்மன் ஆனாள்.

கோபுரம் கட்டாத பெண்களின் கதி வேறு. 'ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்' என்பது மனநோய்க்கு நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் வைத்தியம். நோயை மறைத்து மணம் செய்துவைக்கிறார்கள். புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்றஞ்சி மாத்திரையை நிறுத்துகிறாள். சில மாதங்களில் நோய் முற்றுகிறது, பிறந்தகத்தில் கொண்டுவந்து விடப்படுகிறாள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் தாராவும் சக ஆய்வாளர்களும், மணவாழ்வு முறிந்த மனச்சிதைவுப் பெண்களைப் பற்றி 2003இல் எழுதிய கட்டுரை இந்த இரட்டைத் துயரத்தையே ஆவணப்படுத்துகிறது. கைவிடப்பட்டு, சட்டப்படியான பிரிவும் பராமரிப்புத் தொகையும் இன்றி, வயதான பெற்றோரின் நிழலில் ஒதுங்கியவர்கள் அவர்கள். பெற்றோர் மறைந்தபின் அந்த நிழலும் இல்லை. அத்தகைய பெண்களுக்காகவே 1993இல் சென்னையில் 'தி பான்யன்' இல்லம் தொடங்கப்பட்டது.

கோயிலூர்களில் உறவினரால் கொண்டுவந்து விடப்படும் மனநோயாளிகளைப் பற்றி நாம் எல்லோரும் அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் பௌர்ணமி இரவொன்றில் நான் கிரிவலம் சென்றேன். பதினான்கு கிலோமீட்டர் பாதையின் ஓரமெங்கும் காவியுடுத்த ஆண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். அவர்களில் தமக்குத் தாமே பேசிக்கொண்டிருந்த ஒருவர் முன் மக்கள் காசு வைத்து வணங்கினர். சற்றுத் தள்ளி, அதேபோலத் தனக்குத் தானே பேசிக்கொண்டு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். கந்தலைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவளிடமிருந்து மக்கள் குழந்தைகளை விலக்கிக்கொண்டு நடந்தனர். நானும் விலகித்தான் நடந்தேன். கூட்டம் கலைந்தபின் அந்த இரவின் மிச்சத்தை அவள் எங்கே கழிப்பாள் என்ற எண்ணம் வீடு வந்த பிறகே எனக்கு வந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

தாங்கும் கை

2018 மே முதல் நடைமுறையிலிருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) இந்த நீண்ட கதைக்குப் பிறகு சிலவற்றை எழுத்தில் உறுதி செய்திருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை செய்வதை அது தடை செய்கிறது. பாலியல் துன்புறுத்தல் உள்ளிட்ட எல்லாக் கொடுமைகளிலிருந்தும் காக்கப்படும் உரிமையையும், நோய் விவரம் மறைவாக வைக்கப்படும் உரிமையையும் தருகிறது. தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்குச் சேர்ப்பிப்பதைக் காவல்துறையின் கடமையாக்குகிறது.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி அம்முயற்சிக்கு ஓராண்டுவரை சிறை இருந்தது. வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தவர் ஆங்கிலேயர் காலத்தில் பிழைத்திருந்தால், அவருக்காகக் கீழே காத்திருந்திருப்பது மயிலன்று, போலீஸ்காரர். 2024இல் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது அந்தப் பழைய பிரிவு அப்படியே தொடரவில்லை.

சட்டம் எழுதப்பட்டுவிட்டது. கேள்வி கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. மனநல மருத்துவர் தம் நோயாளியைத் தனியே அமர்த்திப் பால்வாழ்வைப் பற்றிக் கூச்சமின்றிக் கேட்பது, பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவரின் மனநிலையை அங்குள்ள மருத்துவர் விசாரிப்பது, எழுச்சிக் கட்டத்தில் நடந்ததைத் தணிந்தபின் குடும்பத்தார் குத்திக்காட்டாமல் இருப்பது, ஆணுறையும் கருத்தடையும் மனநோயாளிக்கும் உரியவை என்று ஏற்பது. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

அருணகிரியார் கதையில் ஒரு நுட்பத்தை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். விழுந்தவனைத் தாங்கிய கை, ஏன் விழுந்தாய், யாரிடம் போனாய், இந்நோய் உனக்கு எப்படி வந்தது என்று எதையும் கேட்கவில்லை. முதலில் தாங்கியது. நோயை நீக்கியது. பிறகு அவரைப் பாடச் சொன்னது. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, காமத்தில் தொடங்கித் தண்டனையில் முடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை கோபுரத்தின் அடியில் ஒரு குழந்தை 'ஏன் குதிச்சார்?' என்று கேட்டால், 'மனசு ரொம்ப நோய்ப்பட்டிருந்தது, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை' என்று சொல்லலாம். அது கதைக்கும் துரோகமன்று, உண்மைக்கும் துரோகமன்று.